பகலில் உறங்குவோருக்கு ஒரு திரை

காலை 10 மணிக்கு ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையின் கிளைத் தெருக்களில் நடந்து பாருங்கள். வீட்டுக்கு ஒரு ஜன்னலிலாவது செய்தித்தாள் ஒட்டியிருக்கும். சில வீடுகளில் அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கம்பிகளுக்கு இடையே செருகியிருப்பார்கள். இரவுப் பணி முடித்து வந்தவர் உள்ளே உறங்குகிறார் என்பதற்கு அதுவே அடையாளம்.

எங்கள் வீட்டு ஜன்னலும் ஓராண்டுக்கும் மேலாக அவ்வாறே இருந்தது. என் மகள் மின்னணுப் பொருள்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறாள். மூன்று வாரங்களில் ஒரு வாரம் இரவு ஷிப்ட். காலையில் கம்பெனி பேருந்து தெருமுனையில் இறக்கிவிடும்போது வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். அவள் படுக்கும் அறை கிழக்கு நோக்கியது. அதற்கு எதிரே, பத்துப் பன்னிரண்டு அடி தொலைவில், ஆண்கள் தங்கும் விடுதியின் மாடிப்படி. மே மாதப் புழுக்கத்திலும் துப்பட்டாவை முகத்தின் மேல் போட்டுக்கொண்டே உறங்குவாள். "அத்தா, இந்த ஜன்னலை ஏதாவது செய்யுங்களேன்" என்று அவள் இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்கவில்லை.

அதே ஆண்டில் நான் கூடத்து ஜன்னலுக்கு 3,200 ரூபாயில் வேலைப்பாடு மிக்க திரைச்சீலை வாங்கி மாட்டினேன். பெண் பார்க்க வருவோர் அமரும் இடமல்லவா! அவர்கள் வந்தார்கள், ஒரு மணி நேரம் இருந்தார்கள், சென்றார்கள். நாள்தோறும் ஏழு மணி நேரம் உறங்க வேண்டிய பிள்ளையின் ஜன்னலிலோ பழைய நாளிதழ் மஞ்சளேறிக் கிடந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் நம் வீடுகளில் பலவற்றின் நிலை இதுதான் என்பதால் எழுதுகிறேன். வருவோர் காணும் ஜன்னலுக்குப் பட்டு. உறங்குவோரின் ஜன்னலுக்குக் காகிதம். இந்த வரிசை தலைகீழானது என்பதே என் கருத்து.

சூரா அந்நூரின் 58ஆம் வசனத்தை நாம் அறிவோம். பணியாளர்களும் பருவமடையாத பிள்ளைகளும்கூட அனுமதி பெற்றே உள்ளே வரவேண்டிய மூன்று நேரங்களை அல்லாஹ் அதில் குறிப்பிடுகிறான்: ஃபஜ்ருக்கு முன்பு, இஷாவுக்குப் பின்பு, இவ்விரண்டோடு மேலாடை களைந்து ஓய்வெடுக்கும் நண்பகல். பகல் ஓய்வுக்கும் இரவுக்கு இணையான அந்தரங்கம் உண்டு என்பதை இதிலிருந்து நான் விளங்கிக்கொள்கிறேன். வீட்டுச் சிறுவனே கேட்டுத்தான் நுழைய வேண்டும் என்றிருக்க, எதிர்வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்குவோர் அனைவரின் பார்வையும் தடையின்றி நுழைவது எப்படித் தகும்? நபி (ஸல்) அவர்களின் அறையைத் துவாரத்தின் வழியே ஒருவர் எட்டிப் பார்த்த நிகழ்ச்சி புகாரியில் உள்ளது. அனுமதி கோரும் சட்டம் வகுக்கப்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்று அவர்கள் அப்போது கண்டித்தார்கள். பார்ப்பவர் மீது குற்றம் உண்டு. ஆனால் மறைக்க வழியிருந்தும் மறைக்காமல் இருந்த வீட்டுத் தலைவன் நான்.

நம் பெண்மக்கள் இரவில் பணிக்குச் செல்வது இப்பகுதியில் நேற்று வந்த வழக்கமன்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பெண்களின் இரவுப் பணிக்கு விதித்திருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் நீக்கியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பணியாளர் விடுதி திறக்கப்பட்டது. பெண்கள் இரவில் வேலைக்குச் செல்லலாமா என்ற விவாதத்தை ஆலிம்களிடமும் குடும்பங்களிடமும் விட்டுவிடுகிறேன். சென்று திரும்பிய பிள்ளை உறங்க வேண்டும் என்பதில் விவாதமே இல்லை. கண்ணுக்கும் உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்பது நபிமொழியின் கருத்து. ஒளி பட்டால் உறக்கத்துக்குரிய மெலடோனின் சுரப்பு குறையும் என்கிறது மருத்துவம். இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. செயின்ட் கோபைன் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலிருந்து நம் ஸ்ரீபெரும்புதூரில்தான் ஜன்னல் கண்ணாடிகளை உருவாக்கி வருகிறது. கண்ணாடி பிறக்கும் ஊரில் ஜன்னலை மறைக்கக் காகிதம் தேடுகிறோம்!

கடையில் ஆயத்தத் திரை கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைக்கும். இணையத்தில் நானும் ஒன்று தருவித்தேன். அகலம் 3 அங்குலம் குறைந்தது. குறைந்த இடத்தின் வழியே நுழைந்த ஒளிக்கோடு நேராகத் தலையணையில் விழுந்தது. 11 மாத ஒப்பந்தம் முடிந்து வீடு மாறினால் அடுத்த வீட்டு ஜன்னலின் அளவு வேறு. சுவரில் துளையிட வீட்டு உரிமையாளர் சம்மதிப்பதுமில்லை. ஆகவே மனைவியின் தையல் இயந்திரத்தின் முன் நானே அமர்ந்தேன். ஆண் தைப்பதா என்று நகைத்த உறவினருக்கு ஒரே பதில்தான் சொன்னேன். நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள், செருப்பையும் தாமே செப்பனிட்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள்.

செய்த விதத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். எங்கள் ஜன்னல் 4 அடிக்கு 4 அடி. ஒளி ஓரங்களில் கசியாதிருக்க நாற்புறமும் 4 அங்குலம் கூடுதலாக வேண்டும். பக்கத் தையலுக்கு ஓரங்குலம் வீதம் சேர்த்தால் அகலம் 58 அங்குலம். மேலும் கீழும் குழாய் நுழையும் மடிப்புக்கு 3 அங்குலம் வீதம் சேர்த்தால் உயரம் 62 அங்குலம். துணி மூன்று அடுக்கு. கண்ணாடியைப் பார்க்கும் பக்கத்தில் வெள்ளை வேட்டி. 8 முழ வேட்டியை இரண்டாக வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால் போதுமானது. அறையைப் பார்க்கும் பக்கத்தில் மனைவி தேர்ந்த பூப்போட்ட பருத்தித் துணி. நடுவில், வீட்டில் கிழிந்து ஒதுக்கப்பட்டிருந்த இரண்டு புர்காக்கள். ஒளியைத் தடுப்பது அந்த நெருக்கமான கறுப்புத் துணிதான். ஆனால் கறுப்பை வெளிப்புறம் வைத்துவிடாதீர்கள். வெயிலை உறிஞ்சி அறையைச் சூடாக்கும். வெள்ளை வெளியே இருந்தால் வெயிலில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிச் செல்லும். தைப்பதற்கு முன் எல்லாத் துணியையும் ஒருமுறை நனைத்து உலர்த்திவிடுங்கள். இல்லையெனில் முதல் சலவையிலேயே பருத்தி சுருங்கிப் புர்காத் துணி பை போலத் தொங்கும்.

மேல் மடிப்பை ஏற்கனவே இருந்த திரைக்கம்பியில் கோத்தேன். கீழ் மடிப்பில் மின்கம்பி செலுத்தும் பிவிசி குழாயைச் செருகினேன். அந்தக் கனத்தில் துணி சுருங்காமல் நிற்கிறது. ஜன்னல் கம்பிகள் இரும்பாதலால் இரு ஓரத்துக் கம்பிகளுக்கு நேராகக் காசளவு தட்டைக் காந்தங்களைத் துணிக்குள் வைத்து இரட்டைத் தையல் போட்டேன். துணி கம்பியில் ஒட்டிக்கொள்வதால் பக்க ஒளி நின்றது. சிறு பிள்ளைகள் காந்தத்தை விழுங்கினால் குடலுக்கே ஆபத்து. அந்தத் தையலில் மட்டும் சோம்பல் கூடாது.

கயிறு இழுத்தால் மடிந்து மேலேறும் திரையைத்தான் முதலில் செய்ய எண்ணினேன். அழகு அதற்குத்தான் அதிகம். அதைப் பற்றிப் படித்தபின் கைவிட்டேன். அமெரிக்காவில் 2009 டிசம்பரில் அவ்வகை மடிப்புத் திரைகளும் சுருள் திரைகளுமாக ஏறத்தாழ 5 கோடித் திரைகளைச் சீரமைப்புக்காகத் திரும்ப அழைத்தார்கள். கயிறு கழுத்தில் சிக்கிக் குழந்தைகள் உயிரிழந்ததே காரணம். எங்கள் வீட்டில் தவழும் பேரன் இருக்கிறான். ஆகையால் கயிறே வேண்டாம் என முடிவு செய்தேன். திரையைக் கீழிருந்து குழாயோடு கையால் சுருட்டி, உச்சியில் தைத்த இரண்டு ஜோடி நாடாக்களால் கட்டிவிடுகிறோம். ஒவ்வொரு நாடாவும் ஓரடி நீளம்தான். பிள்ளையின் கைக்கு எட்டாது.

குறை இல்லாமல் இல்லை. திரை இறங்கியிருக்கும்போது காற்று வராது. மின்சாரம் நின்றால் அறை வேகிறது. மகள் எழுந்தவுடன் சுருட்டிக் கட்டி, அறைக்குக் காற்று விடவேண்டும். துணி வாங்கும்போது மயில், யானை உருவங்கள் வேண்டாமென்று மனைவி சொன்னாள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் உள்ள திரையைத் தொங்கவிட்டதை நபி (ஸல்) அவர்கள் விரும்பாத செய்தியை அவள் நினைவில் வைத்திருந்தாள். அந்தச் செய்தியில் என்னைக் கவர்வது அதன் பிற்பகுதி. அன்னையார் அத்துணியை எறிந்துவிடவில்லை. வெட்டித் தலையணையாக்கிக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டிலும் துண்டுகள் மிஞ்சின. ஜன்னலில் கைவைக்க இயலாத விடுதியில் தங்கியிருக்கும் மகளின் தோழிகளுக்காக அவற்றிலிருந்து நான்கு கண்மறைப்புப் பட்டைகள் தைத்தோம். கறுப்பு உள்ளே, பருத்தி முகத்தின் மேல். மகள் இப்போது துப்பட்டாவை மடித்துத் தலைமாட்டில் வைத்துவிட்டு உறங்குகிறாள்.

சென்ற ஜும்ஆவுக்குப் பின் மஹல்லாவைச் சேர்ந்த ஒருவர் தம் வீட்டு ஜன்னலை அளக்க வருமாறு அழைத்தார். அவரும் இரவு ஷிப்ட்தான். அவருடைய ஜன்னல் மேற்கு நோக்கியது. மாலை வெயிலை உள்ளே வரவிட்டபின் துணியால் தடுப்பதைவிட, கண்ணாடியைத் தொடுமுன் வெளியிலேயே தடுப்பது நல்லது. முதலில் ஒரு மூங்கில் தட்டியை வெளியே கட்டச் சொல்லப்போகிறேன். உள்திரைக்கு அவர் வீட்டிலும் பழைய புர்கா இருக்கும்.