அடங்கியிருப்பது நலமாகிவிடாது

"இப்போல்லாம் சத்தமே இல்லைங்க டாக்டர், மாத்திரை நல்லா ஒத்துப்போச்சு." மனச்சிதைவு நோயாளியின் வீட்டார் இப்படிச் சொன்னதும் அதே மருந்துச் சீட்டு இன்னும் மூன்று மாதத்துக்கு நீள்கிறது. ஆள் அமைதியானால் மருந்து ஒத்துக்கொண்டது என்ற இந்த நம்பிக்கை உயிரைக் குடிக்கக்கூடியது. தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் முன்னதாக இறக்கிறார்கள். அதில் பெரும்பங்கு மாரடைப்பு போன்ற உடல் நோய்களுக்கு.

இந்த ஆபத்தைக் கூட்டக்கூடிய உயர் டோஸை யாருக்கோ கொடுப்பது என்று ஒதுக்கிவிட முடியாது. பிரிட்டனின் மனநல மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிது. மனச்சிதைவுக்கான ஒவ்வொரு மருந்தும் அதன் உச்ச அளவில் எத்தனை சதவீதம் என்று பார்த்துக் கூட்ட வேண்டும். 100ஐத் தாண்டினால் உயர் டோஸ். ஓலன்சபின் 15 மில்லிகிராம், உச்ச அளவான 20இல் 75 சதவீதம். ரிஸ்பெரிடோன் 8 மில்லிகிராம், உச்ச அளவான 16இல் 50. தனித்தனியே இரண்டும் வரம்புக்குள்தான், சேர்ந்தால் 125. முதல் மருந்தை நிறுத்தாமலே இரண்டாவதைத் தொடங்கிய சீட்டுகள் எத்தனை! மாதாமாதம் போடும் ஊசியை இந்தக் கணக்கில் சேர்க்கவே மறந்துவிடுகிறார்கள்.

டோஸ் மட்டுமல்ல, பக்கவிளைவுகளும் கவனத்துக்கு வருவதில்லை. மனச்சிதைவுக்குத் தரும் க்ளோசபினை எடுத்துக்கொள்வோம். 1975இல் பின்லாந்தில் வெள்ளணுக்கள் சரிந்து நோயாளிகள் இறந்த பிறகு ரத்தப் பரிசோதனை அதன் கூடவே வந்தது. நல்லது. ஆனால் அதே மருந்து குடலையும் முடக்கும். முற்றிய மலச்சிக்கலால் இறந்தவர்கள் உண்டு. "வெளிக்கிப் போனீங்களா?" என்று கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது; அதைத்தான் யாரும் கேட்பதில்லை. நோயாளி பீடியைச் சட்டென்று விட்டால் ரத்தத்தில் க்ளோசபின் அளவு ஏறிவிடும் என்பதையும் வீட்டாருக்குச் சொல்வதில்லை.

"பரிசோதனை அது இதுன்னா பயந்து மாத்திரையை விட்டுடுவாங்க" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. மருந்தால் உடல் பெருத்து, மாதவிலக்கு நின்று, யாரும் விசாரிக்காமல் போனவர்கள்தான் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துகிறார்கள். தானாக நிறுத்துவது பெரும் ஆபத்து. அதனால்தான் விசாரிப்பு அவசியம்.

எடை மெஷினும் இன்ச் டேப்பும் ரத்த அழுத்தக் கருவியும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கின்றன. மருந்து தொடங்கும் முன்பும் டோஸ் ஏற்றிய பின்பும் ஈசிஜி, சர்க்கரை, கொழுப்பு பார்க்க வேண்டும். கூட்டிய சதவீதத்தைச் சீட்டின் தலையிலேயே எழுத வேண்டும். அம்மாவோ அண்ணனோ வந்து மாத்திரை வாங்கிப்போவது நடக்கட்டும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நோயாளியை நேரில் பார்க்காமல் சீட்டைப் புதுப்பிக்கக் கூடாது.