ஓவிய மாணவர்களுக்கும் வேண்டும் மதியக் கச்சேரி

மார்கழி வந்தால் சென்னை சபாக்கள் வளரும் பாடகர்களுக்கு மதிய நேரத்தை ஒதுக்கிவைக்கின்றன. பெரும்பாலான இடங்களில் அதற்கு டிக்கெட் கிடையாது. கூட்டம் குறைவுதான். ஆனால் முன்வரிசையில் ராகத்தைக் குறித்துக்கொள்ளும் ஒரு மாமா இருப்பார். விமர்சனம் எழுத வந்தவர் ஒருவர் இருப்பார். குரல் தேறினால், அடுத்தடுத்த ஆண்டுகளில் கச்சேரி நேரம் மாலையை நோக்கி நகரும்.

கோபாலபுரத்தை ஒட்டிய கதீட்ரல் சாலையின் ஒரு முனையில் இருக்கும் மியூசிக் அகாடமி இந்த வழக்கத்துக்குப் பேர்போனது. அதே சாலையில்தான் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியும் இருக்கிறது. 1947இல் சாந்தோமில் தொடங்கி, 1960இல் இங்கே வந்த கல்லூரி. அதில் நுண்கலைத் துறை உண்டு. பாடும் பிள்ளைக்கு இந்தச் சாலை கொடுக்கும் காதில் பாதியையாவது, வரையும் பிள்ளைக்குக் கண்ணாகக் கொடுக்க வேண்டாமா?

கலைக் கல்லூரிகளில் மாணவர் கண்காட்சி என்றால் பெரும்பாலும் சில நாள் டிஸ்ப்ளே. சக மாணவர்கள் வருவார்கள், ஆசிரியர்கள் மதிப்பெண் போடுவார்கள், பெற்றோர் படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு ஆணியைப் பிடுங்கிவிடுவார்கள். தெருவில் போகிறவருக்கு உள்ளே போகலாமா என்பதே தெரியாது.

அப்படி ஒரு சுவரில் தொங்கும் லினோகட் படியை நின்று பார்க்க வேண்டும். ரயில் நிலைய நடைமேடை, மூட்டைமேல் தலைசாய்த்துத் தூங்கும் ஒரு பெண். கறுப்பு, வெள்ளை, வேறு நிறமில்லை. வெள்ளையாகத் தெரியும் ஒவ்வொரு கீற்றும் லினோலியத்திலிருந்து கத்தியால் தோண்டி எடுத்த இடம். படம் முழுவதையும் இடவலம் மாற்றி வெட்டியிருக்க வேண்டும். கை ஒருமுறை வழுக்கினால் போனது போனதுதான். தாளின் கீழே பென்சிலில் 3/10 என்று இருந்தால், எடுத்த பத்துப் படிகளில் அது மூன்றாவது. பத்துப் படி இருப்பதால் ஒரு படியின் விலை கைக்கு எட்டும். நடுத்தரக் குடும்பம் காலண்டர் மாட்டும் ஆணியில் தாராளமாக மாட்டலாம். அது விற்பனைக்கு உண்டு என்று யாரும் சொல்வதில்லை என்பதுதான் குறை.

சாந்திநிகேதனில் சொல்கிறார்கள். அங்குள்ள கலைப் பள்ளியான கலாபவனத்தில் 1973 முதல் நடந்துவரும் நந்தன் மேளா, ஓவியர் நந்தலால் போஸின் பிறந்தநாளை ஒட்டி டிசம்பர் 1, 2 தேதிகளில் கூடும். ஆசிரியரும் மாணவரும் செய்த படங்கள், பானைகள், நாள்காட்டிகள் எல்லாம் அங்கே விலைக்குக் கிடைக்கும். வரும் பணம் மாணவர் நலநிதிக்குப் போகிறது. தேதி மாறாததால் ஊரே நினைவில் வைத்திருக்கிறது.

வாங்குகிறவர்களின் பலம் சென்னைக்கும் தெரியாததல்ல. 1850இல் அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணிகள் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தின் துணையோடு 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவானது சோழமண்டல் ஓவியர் கிராமம். மயிலாப்பூரில் பிறந்த சிற்பி தனபால் அதே கல்லூரியில் மாணவராகி, ஆசிரியராகி, முதல்வரும் ஆனார். ஓவியர் ஆதிமூலமும் அங்கே படித்தவர்தான். அவருடைய கோடுகளைச் சிற்றிதழ்கள் வழியே தமிழ் வாசகர்கள் அறிவார்கள். இவர்களெல்லாம் ஒரு காலத்தில் மாணவர் டிஸ்ப்ளேயில் படம் மாட்டியவர்கள்.

பயிற்சிக் காலத்து வேலையை ஊர் முன்னால் வைக்கலாமா என்று சில ஆசிரியர்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில் அக்கறை இருக்கிறது. ஆனால் மதியக் கச்சேரியில் சுருதி விலகுவதும் ஊர் முன்னால்தான். 1988இல் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் மாணவராக இருந்த டேமியன் ஹிர்ஸ்ட், பதினாறு பேரின் படைப்புகளைத் துறைமுகப் பகுதியின் காலிக் கட்டிடம் ஒன்றில் காட்சிக்கு வைத்தார். கேட்லாக் அச்சிட்டு, ஆள் விட்டு அழைத்து, பெரிய சேகரிப்பாளர்களையே வரவழைத்தார்கள். கொச்சி பியனாலேயும் 2014 முதல் மாணவர் பியனாலே என்று தனியே இடம் ஒதுக்கி, நாடெங்கும் உள்ள கலைக் கல்லூரிகளை அழைக்கிறது.

சென்னையில் இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. கல்லூரி வாசலில் பாதுகாப்புக் கெடுபிடி இருக்கும், ஸ்டெல்லா மாரிஸ் போன்ற மகளிர் கல்லூரியில் அது நியாயமும்கூட. அப்படியானால் கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் கூடம் இருக்கிறது. மார்கழியில் சபாக்களின் முன்கூடச் சுவர்களை ஒரு மாதம் மாணவர்களுக்குக் கொடுக்கலாம். காபிக்கு வரிசையில் நிற்பவர்களைவிட நல்ல பார்வையாளர்கள் கிடைப்பது அரிது. படத்துக்குக் கீழே உள்ள சீட்டில் பெயர், ஊடகம், விலை மூன்றும் தமிழிலும் இருக்கட்டும். பத்திரிகைகள் கச்சேரிக்கு அனுப்பும் விமர்சகரைப் போல இதற்கும் ஒருவரை அனுப்பட்டும். அதற்கு முன்னால், ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் உபன்யாசத்துக்கும் நூல் வெளியீட்டுக்கும் நடுவே இரண்டு வரி போதும்: மாணவர் ஓவியக் கண்காட்சி, இடம், காலை 11 முதல் மாலை 7 வரை, அனுமதி இலவசம்.