திருட்டு விளையாட்டு: யாருக்கு நஷ்டம்?



நகரங்களில் வளரும் நம் பிள்ளைகள் இன்று சற்றும் கூச்சமின்றிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கம்ப்யூட்டர் விளையாட்டைக் காசு கொடுக்காமல் இறக்கிக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? அவர்களோ கோடி கோடியாய்ச் சம்பாதிக்கிறவர்கள். நான் ஒரு பிரதி எடுத்ததனால் அவர்கள் கடையில் ஒரு பொருளும் குறைந்துபோகவில்லையே!" இதைக் கேட்கும் பெற்றோரில் அநேகர் வாயடைத்துப்போகிறார்கள். ஏனெனில், டெல்லி பாலிகா பஜாரிலும் பெங்களூரு நேஷனல் மார்க்கெட்டிலும் ஒரு காலத்தில் திருட்டு சி.டி. வாங்கியவர்களில் அவர்களும் உண்டு.

இப்படிப்பட்ட பிள்ளையை அதட்டி அடக்குவதனால் பிரயோஜனமில்லை. உண்மையை நிதானமாக ஆராய்ந்து பதில் சொல்வதே நம்முடைய கடமை.

பிள்ளையின் வாதத்தில் உள்ள நியாயம்

முதலாவது, பிள்ளை சொல்வதில் பாதி உண்மை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். "பத்து லட்சம் பேர் திருடினார்கள், ஆகையால் பத்து லட்சம் பிரதிகளின் விலை எங்களுக்கு நஷ்டம்" என்று கணக்குக் காட்டுவது சரியல்ல. இலவசமாகக் கிடைத்ததால் எடுத்தவன், கிடைக்காவிட்டால் காசு கொடுத்து வாங்கியிருப்பான் என்பது நிச்சயமில்லை. அவனிடம் அந்தக் காசே இல்லாமலிருக்கலாம்.

ஐரோப்பிய ஆணையம் இதைக் குறித்து ஏறத்தாழ 3,60,000 யூரோ செலவில் ஆறு நாடுகளில் ஓர் ஆய்வை நடத்தியது. 2015-இல் முடிந்த அவ்வாய்வின் அறிக்கை 2017-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. புதிதாய் வந்த பெரிய திரைப்படங்களைத் தவிர, மற்றவற்றில் திருட்டினால் விற்பனை குறைகிறது என்பதற்கு உறுதியான புள்ளிவிவர ஆதாரம் கிடைக்கவில்லை என்று அது கூறியது. விளையாட்டுகளைப் பொறுத்தவரை, திருடி விளையாடுகிறவர்கள் முறையாகப் பெறுவதும் சற்று அதிகரிப்பதாகவே கணக்கு வந்தது. ஆனால் அந்தக் கணக்கில் பிழைக்கு இடம் மிக அதிகம். ஆதாரம் கிடைக்கவில்லை என்பது வேறு, நஷ்டமே இல்லை என்பது வேறு என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

முதல் வாரத்தின் விலை

நஷ்டம் எங்கே விழுகிறது என்பதைப் பின்னர் வந்த ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. கணினி விளையாட்டுகளுக்குப் போடப்படும் நகல் தடுப்புப் பூட்டுகளில் பேர்பெற்றது 'டெனுவோ'. 2014-க்கும் 2022-க்கும் இடையில் இந்தப் பூட்டோடு வெளிவந்த 86 விளையாட்டுகளை ஆராய்ந்து 2024-இல் வெளியான கட்டுரை சொல்வது யாதெனில்: வெளியான முதல் வாரத்திலேயே பூட்டு உடைக்கப்பட்டால் மொத்த வருமானத்தில் சராசரியாக ஏறத்தாழ 20 சதவீதம் குறைகிறது. பன்னிரண்டு வாரங்கள் பூட்டு தாக்குப்பிடித்தாலோ, அதன்பின் உடைக்கப்படுவதனால் நஷ்டம் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

விளையாட்டு வியாபாரத்தில் விற்பனையின் பெரும்பகுதி ஆரம்ப வாரங்களில்தான் நடக்கிறது. மூன்று நான்கு வருஷம் உழைத்து, கடன் வாங்கிச் சம்பளம் கொடுத்து உருவாக்கியதற்கு அந்தச் சில வாரங்களே அறுவடைக் காலம். அறுப்பு நாளில் களத்திலிருந்து ஐந்தில் ஒரு பங்கு களவு போனால் எந்த விவசாயி அதை அற்பமென்பான்?

பெரிய கம்பெனி மாத்திரமா?

"அவர்கள் பெரும் பணக்காரர்கள்" என்னும் வாதத்தையும் சோதித்துப் பார்ப்போம். 2013-ஆம் ஆண்டு ஏப்ரலில் கிரீன்ஹார்ட் கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் 'கேம் டெவ் டைகூன்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதை உண்டாக்கியவர்கள் இரண்டு சகோதரர்கள். விலை எட்டு டாலருக்கும் குறைவு. விளையாடுகிறவன் ஒரு விளையாட்டுக் கம்பெனியை நடத்த வேண்டும் என்பதே அதன் கதை. விற்பனைக்கு வைத்த உடனே, அவர்களே ஒரு திருட்டுப் பிரதியையும் இணையத்தில் பரவவிட்டார்கள். அதில் மாத்திரம் ஒரு மாற்றம்: விளையாடுகிறவன் கட்டியெழுப்பும் கம்பெனி, ஜனங்கள் திருட்டுப் பிரதி எடுப்பதனாலேயே திவாலாகிவிடும்.

முதல் நாளில் காசு கொடுத்து வாங்கிய பிரதியை விளையாடியவர்கள் 214 பேர். திருட்டுப் பிரதியை விளையாடியவர்கள் 3,104 பேர். அதாவது நூற்றுக்கு 93-க்கும் மேல்! திருடி விளையாடியவர்களிலேயே சிலர், "எங்கள் கம்பெனியைத் திருட்டிலிருந்து காப்பாற்ற வழியில்லையா?" என்று இணையத்தில் முறையிட்டார்கள். தன் களத்தில் களவு நடக்கும்போதுதான் அதன் வலி மனுஷனுக்குத் தெரிகிறது.

பணத்தைவிட அதிகமாய்ப் பேரைக் கெடுத்த சம்பவமும் உண்டு. அமெரிக்காவின் அயர்ன் லோர் நிறுவனம் 2006-இல் 'டைட்டன் குவெஸ்ட்' என்ற விளையாட்டை வெளியிட்டது. வெளியீட்டுக்கு முன்பே அதன் திருட்டுப் பிரதி பரவிவிட்டது. பாதுகாப்புச் சோதனையில் அகப்பட்ட அந்தப் பிரதி, ஆரம்பத்திலேயே நடுவில் நின்றுபோகும். திருடியவர்களோ, "இது பழுதுள்ள விளையாட்டு, வாங்காதிருங்கள்" என்று எங்கும் எழுதினார்கள். இதை வெளியிட்ட டி.எச்.கியூ. நிறுவன அதிகாரி ஒருவர் பின்னர் பகிரங்கமாகவே எழுதினார். அயர்ன் லோர் 2008-இல் மூடப்பட்டது. மூடியதற்கு உடனடிக் காரணம் அடுத்த படைப்புக்குப் பணம் கிடைக்காததே. ஆனாலும் முதல் படைப்பின் பேர் கெட்டபின் யார் பணம் கொடுப்பார்?

கம்பெனிகளின் பொறுப்பு

குற்றத்தை வாங்குகிறவர் மேல் மாத்திரம் சுமத்துவதும் நியாயமல்ல. நியாயமான விலையில், எளிதாகக் கிடைக்கும்படி செய்தால் திருட்டு தானாய்க் குறையும். போலந்து தேசத்தில் திருட்டுப் பிரதிகள் சந்தையை நிறைத்திருந்த நாட்களில், சி.டி. புரொஜெக்ட் நிறுவனம் 1999-இல் 'பால்டர்ஸ் கேட்' என்ற விளையாட்டைத் தாய்மொழியில் பேசவைத்து, வரைபடமும் கையேடும் சேர்த்து விற்றது. முதல் நாளிலேயே 18,000 பிரதிகள் விற்றன. அதே நிறுவனம் 2015-இல் பூட்டில்லாத பிரதியாகவும் விற்ற 'விட்சர் 3' என்ற விளையாட்டு, 2023-க்குள் ஐந்து கோடிப் பிரதிகளைத் தாண்டியது. (அவ்விளையாட்டு பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல, வியாபாரப் பாடத்துக்காக மாத்திரமே குறிப்பிடுகிறேன்.)

நம் தேசத்திலும் 2015 நவம்பரில் 'ஸ்டீம்' கடை டாலரை விட்டு ரூபாயில் விலை வைக்கத் தொடங்கியது. 'எபிக்' கடை 2018 டிசம்பரிலிருந்து இலவச விளையாட்டுகளைத் தொடர்ந்து கொடுத்துவருகிறது. "வேறு வழியில்லை" என்று சொல்ல முன்னிருந்த காரணம் இப்போது பெரும்பாலும் இல்லை.

வீட்டுக்குள் வரும் நஷ்டம்

பிரியமான பெற்றோரே, இலவசம் என்பது எப்போதும் இலவசமல்ல. திருட்டு விளையாட்டுகளுக்குள் ஒளித்துவைக்கப்பட்ட 'கிராக்கோனோஷ்' என்ற தீய நிரலை அவாஸ்ட் நிறுவனம் 2021-இல் வெளிப்படுத்தியது. அது கணினியின் பாதுகாப்பை அணைத்துவிட்டு, உரியவருக்குத் தெரியாமலே அந்த இயந்திரத்தைக் கொண்டு மின்பணம் சம்பாதித்தது. பாதிக்கப்பட்ட கணினிகள் 2,22,000-க்கும் மேல். நம் தேசத்திலும் ஆயிரக்கணக்கில் இருந்தன. அப்பா வங்கிக் கணக்குப் பார்ப்பதும் அநேக வீடுகளில் அதே கணினியில் அல்லவா?

சட்டமும் உண்டு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி, கள்ளப் பிரதி என்று அறிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துவது குற்றம். ஏழு நாள் முதல் மூன்று வருஷம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். லாபநோக்கமில்லாத இடத்தில் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து அபராதத்தைக் குறைக்கவும் அதிகாரம் உண்டு.

என்ன செய்யலாம்?

1. வீட்டுக் கணினியில் உள்ள விளையாட்டுகள் எங்கிருந்து வந்தன என்று கோபமின்றிக் கேளுங்கள்.

2. மாதம் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, தள்ளுபடி நாட்கள்வரை காத்திருந்து வாங்கக் கற்றுக்கொடுங்கள்.

3. உங்கள் அலுவலகக் கணினியிலும் கைபேசியிலும் திருட்டு மென்பொருளோ திருட்டுப் படமோ இருந்தால் முதலாவது அதை நீக்குங்கள். பிள்ளை நம் வார்த்தையைவிட நம் நடத்தையையே கவனிக்கிறது.

ஆகையால் பிள்ளையின் கேள்விக்கு நம் பதில் இதுவே: நஷ்டம் உண்டு. கம்பெனிகள் சொல்லும் அளவுக்கு அது பெரிதல்ல. நீ நினைக்கும் அளவுக்கு அற்பமுமல்ல. பெரியவன் தாங்கிக்கொள்வான், சிறியவன் விழுந்துபோவான். நஷ்டம் எவ்வளவு என்பதை ஆய்வாளர்கள் அளக்கட்டும். மற்றவனுடைய பிரயாசத்துக்குக் கூலி கொடாமல் அதை அனுபவிக்கலாமா என்பதை அறிய எந்த ஆய்வறிக்கையும் தேவையில்லை. ஊரைவிட்டு வந்து, மாதக் கடைசியில் சம்பளத்துக்குக் காத்திருக்கும் நமக்கு அது நன்றாய்த் தெரியும்.