குழந்தைக்கு வைத்தியம்: தர்மமா? உரிமையா?

2024-ம் வருஷக் கோடையில் குடும்பத்தோடு லண்டனுக்கு வேலைக்குப் போன நமது தோழர் ஒருவர் சமீபத்தில் ஊருக்கு வந்திருந்தார். பார்க்கப் போனவர்களிடம் அவருடைய மனைவியார் சொன்ன சங்கதி இது:

"பையனுக்கு நல்ல காய்ச்சல், அண்ணே. அலறியடித்துக்கொண்டு டாக்டரிடம் தூக்கிப் போனோம். காதைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். 'இது வைரஸ் காய்ச்சல். பாராசிட்டமால் கொடுங்கள், தண்ணீர் நிறையக் கொடுங்கள். மூச்சு வாங்கினாலோ, அழுத்தினால் மறையாத சிவப்புப் புள்ளி கண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்' என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு ஊசி கூடப் போடவில்லை!"

கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "ஊசி போடாதவன் என்னம்மா டாக்டர்? நம்மூரில் என்றால் இரண்டு ஊசி போட்டு, மூன்று வர்ண மாத்திரையும் கொடுத்திருப்பானே!" என்று அனுதாபப்பட்டார்.

பையன் என்னவானான் என்று நாம் கேட்டோம். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கி விளையாடப் போய்விட்டானாம். அப்படியானால் டாக்டர் செய்த குற்றம்தான் என்ன? ஆன்டிபயாட்டிக் என்பது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தே ஒழிய, வைரஸை ஒன்றும் செய்யாது. வேண்டாத இடத்தில் கொடுக்கக் கொடுக்க, வேண்டிய இடத்தில் அது பலிக்காமற் போகும். நம்மூரில் ஊசி போடாத டாக்டருக்குக் கூட்டம் சேராது என்பதற்காகப் போடப்படும் ஊசிகள் எத்தனை என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும். குழந்தையைத் தொட்டுப் பார்த்து, எது அபாயக்குறி என்று தாய்க்குச் சொல்லி அனுப்புவது பெரிய வைத்தியம். அதைக் குறை கூறுவது அறியாமை.

அது நிற்க. குறை சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்மையாகவே இருக்கின்றது. அதைப் பற்றி அந்த அம்மையாரும் பேசவில்லை, தோழரும் பேசவில்லை.

பிரிட்டனில் 1948 ஜூலை 5-ந் தேதி முதல் நடந்து வரும் தேசிய சுகாதார சேவையில், டாக்டரைப் பார்க்கக் காசு இல்லை. குழந்தைகளுக்குத் தடுப்பூசி இலவசம். இங்கிலாந்தில் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்தும் இலவசம். பிள்ளை பெற்ற வீட்டுக்கு நர்சு தேடி வருகிறாள். என்ன ஜாதி, என்ன சம்பளம், யார் சிபாரிசு என்ற கேள்வி இல்லை. இவ்வளவும் மெச்சத்தக்கதே.

ஆனால், வேலைக்கு வரும் அந்நியன் அந்த மண்ணை மிதிப்பதற்கு முன்பே, விசாவோடு சேர்த்து, சுகாதாரத்துக்கென்று ஒரு தனிக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டியாக வேண்டும். 2015-ல் ஆரம்பித்தபோது அது ஆளுக்கு வருஷத்துக்கு 200 பவுண்டு. 2019-ல் 400 ஆயிற்று. 2020-ல் பெரியவர்களுக்கு 624, குழந்தைகளுக்கு 470. 2024 பிப்ரவரி முதல் பெரியவர்களுக்கு 1,035, குழந்தைகளுக்கு 776. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்ற குடும்பத்துக்கு மூன்று வருஷத்துக்கு 10,866 பவுண்டு! அதற்கு மேல், போய்ச் சேர்ந்த பிறகு, சம்பளத்தில் வருமான வரி, தேசிய இன்ஷூரன்ஸ், கடையில் வாங்கும் அநேக சாமான்களுக்கு 20 சதவிகித வரி. இந்த வரிகளிலிருந்துதான் அந்த ஆஸ்பத்திரிகள் நடக்கின்றன. ஆகவே ஒரே வைத்தியத்துக்கு இவர் இரண்டு தரம் பணம் கொடுக்கிறார்.

இதைச் சொன்னபோது தோழர், "நம்மை இருக்க விட்டதே பெரிதல்லவா, அண்ணே?" என்றார். நமக்கு வருத்தமுண்டாக்கியது இந்த வார்த்தைதான். காசைக் கொடுத்துவிட்டுக் கும்பிடும் போடுவதற்கு என்ன பெயர்?

"ஊரான் வந்து உபயோகித்துவிட்டுப் போவதற்கு உள்ளூரான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று அங்குள்ள சிலர் கேட்கின்றனர். இதற்குப் பதில் அந்தச் சேவையை ஏற்படுத்திய மந்திரி அன்யூரின் பெவனே 1952-ல் எழுதிய புத்தகத்தில் சொல்லிவிட்டார். வந்தவன் அங்கு குடிக்கும் பானத்திலும் பிடிக்கும் புகையிலையிலும் வரி கொடுக்க ஆரம்பித்து விடுகிறான் என்பதும், அந்நியனைப் பொறுக்கி எடுக்க வேண்டுமானால் சொந்த ஜனங்களும் அடையாளச் சீட்டைச் சுமந்து திரிய வேண்டியிருக்கும் என்பதும் அவர் வாதம்.

இந்தக் கட்டணம் அசைக்க முடியாத வேதமுமல்ல. 2020 மே மாதம் 20-ந் தேதி பார்லிமெண்டில் இதை ஆதரித்துப் பேசிய பிரதம மந்திரி போரிஸ் ஜான்சன், ஆஸ்பத்திரிகளில் வேலை செய்யும் அந்நிய நாட்டாருக்கு அதை நீக்குவதாக மறுநாளே ஒப்புக்கொண்டார். எப்படி? பலர் வாய் திறந்து கேட்டார்கள், அதனால்தான்.

விசா இல்லாத ஏழைகளின் கதி இன்னும் மோசம். இங்கிலாந்தில் அவசரப் பகுதியில் பார்ப்பது இலவசமென்றாலும், குழந்தையை வார்டில் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் செலவில் ஒன்றரைப் பங்கு பில் வரும். 500 பவுண்டும் அதற்கு மேலும் பாக்கி நின்றால் குடியேற்ற இலாகாவுக்குச் சேதி போகலாம்; பிற்பாடு விசா கேட்டால் மறுக்கவும் இடமுண்டு. இந்தப் பயத்தினால் ஒரு தாய் மூச்சுத் திணறும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "விடியட்டும், பார்க்கலாம்" என்று உட்கார்ந்திருப்பாளானால் அந்தப் பழி யாரைச் சேரும்? காகிதம் இல்லாதது தகப்பனிடம், தண்டனை பிள்ளைக்கா?

இதைப் படித்து வெள்ளைக்காரன் மேல் கோபப்படும் வாசகர்களை ஒன்று கேட்கின்றோம். திருப்பூரில் பனியன் தைக்கும் பீகார்க்காரர் தம் குழந்தையோடு சர்க்கார் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால், "வடக்கத்தியான் வந்து நம் ஆஸ்பத்திரியை அடைத்துக்கொள்கிறான்" என்று முணுமுணுக்கிறோமா, இல்லையா? அவரும் நம் கடையில் சோப்பு வாங்கும்போது வரி கொடுக்கிறவர்தானே? லண்டனில் நமக்கு ஒரு நியாயம், திருப்பூரில் அவருக்கு ஒரு நியாயம் என்றால் அதற்கு நியாயம் என்ற பெயரே பொருந்தாது.

குழந்தை எந்த ஊரில் பிறப்பது என்று யோசித்துப் பிறப்பதில்லை. காய்ச்சலும் விசா கேட்டு வருவதில்லை. ஆதலால் குழந்தைக்குச் செய்யும் வைத்தியம் யாரும் இடும் தர்மமல்ல; அது இருக்கும் இடத்தில் அதற்குள்ள உரிமை. ஊசி போடவில்லையென்று டாக்டரைத் திட்டுவதை விட்டுவிட்டு, இரட்டை வரி ஏன் என்று சர்க்காரைக் கேளுங்கள். அங்கே கேட்கத் துணியுங்கள். இங்கே கொடுக்கவும் துணியுங்கள்.