பழி ஓட்டுகிறவர் மேலா?

"வண்டியில ஒண்ணும் இல்ல சார், நீங்க ஓட்டுற விதம்தான்."

ஆட்டோமேட்டிக் கியர் வைத்த எஸ்.யூ.வி. வாங்கிவிட்டு அவதிப்படுகிறவர்கள் சர்வீஸ் சென்டரில் கேட்கும் வசனம் இது. இந்த வசனத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. காரணம் காரல்ல, பட்டுச் சேலை.

நான் ஆரணியில் நெசவாளர் கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஒரு சேலையில் பழுது இருந்தால் நெய்தவரைக் கேட்போம், கூலியில் பிடிப்பதும் உண்டு. ஆனால் ஒரே தடவை சாயம் போட்ட பட்டை வாங்கிப் போன ஆறு பேர் சேலையிலும் சாயம் இறங்கினால், ஆறு பேருக்கும் நெய்யத் தெரியவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சாயப்பட்டறைக்குத்தான் ஆள் போகும்.

கார் கம்பெனிக்கு இந்தக் கணக்கு தெரியாதா? நம் மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு எக்கோஸ்போர்ட் 2013-இல் விற்பனைக்கு வந்தது. அதன் ஆட்டோமேட்டிக் வண்டியில் இருந்தது 'பவர்ஷிஃப்ட்' என்ற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. இரண்டும் எண்ணெயில் முழுகாத உலர் கிளட்ச். மெதுவாக ஊரும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்ந்து சூடாகும். சீல் வழியாக எண்ணெய் கசிந்து கிளட்சில் பட்டால் வண்டி உதறும். முகூர்த்த நாளில் நம் ஊர் பஸ் ஸ்டாண்டைக் கடந்தவர்களுக்கு ஊருவது என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இதே கியர்பாக்ஸ் பொருத்திய ஃபியஸ்டா, ஃபோகஸ், எக்கோஸ்போர்ட் வண்டிகள் ஆஸ்திரேலியாவில் சுமார் 70,000 விற்றன. பாதி வண்டிகளுக்கு ஒரு புகாராவது வந்தது. அங்கேயும் பலருக்குச் சொன்ன பதில், உங்கள் ஓட்டும் முறைதான் காரணம் என்பதே. கோளாறு வண்டியில் என்று கம்பெனிக்குத் தெரிந்திருந்தும் அப்படிச் சொன்னார்கள். 2018 ஏப்ரலில் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. இங்கே 2017-இல் வந்த புதிய எக்கோஸ்போர்ட்டில் அந்த கியர்பாக்ஸ் இல்லை, வழக்கமான டார்க் கன்வெர்ட்டர் வந்துவிட்டது.

எங்கள் தெருக்காரர் ஒருவரின் வண்டி வேறு கம்பெனி. பெயர் வேண்டாம். வாரன்டி முடியவில்லை. ஜமுனாமரத்தூர் மலை ஏறும்போது கியர் விட்டுப்போய் நடுவழியில் நிற்கிறது, பின்னால் லாரி. நாலு தடவை காட்டியாகிவிட்டது. நாலு ஜாப் கார்டிலும் ஒரே வரி: 'பார்த்தோம், சரியாக உள்ளது.' சரியாக இருக்கும் வண்டியை மனிதர் எதற்கு நாலு முறை வேலூர் வரை ஓட்டிக்கொண்டு போகிறார்?

அவரிடம் நான் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். ஜாப் கார்டில் அவர்கள் எழுதுவதற்கு முன் உங்கள் புகாரை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள்: எந்த இடம், எந்த வேகம், எத்தனை கிலோமீட்டர் ஓடியபோது. எழுதாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். அன்றைக்கே ஒரு இமெயிலும் அனுப்பிவிடுங்கள். மொபைலில் வீடியோ எடுக்க உடன் வருபவரைப் பழக்குங்கள் (ஓட்டிக்கொண்டே நீங்கள் எடுக்க வேண்டாம், ஐயா).

2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரைத் தேடி வழக்குப் போட ஓட வேண்டும். இப்போது நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஆரணிக்காரருக்குத் திருவண்ணாமலை போதும். வண்டி விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை கட்டணம் 400 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. கோளாறைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்க்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். "அடுத்த சர்வீஸ்ல பார்த்துடலாம் சார்" என்று அவர்கள் தள்ளிக்கொண்டே போகும்போது ஓடுவது நம் கெடுதான்.