இரண்டாம் ஆண்டிலேயே ஆய்வுக்கூடக் கதவு திறக்கட்டும்

ஜொகூரில் பட்டப்படிப்பு படிக்கும் தமிழ் மாணவர்களோடு பணியாற்றும் அமைப்பு என்ற முறையில் எங்கள் நிலைப்பாட்டை வெளிப்படையாக வைக்கிறோம். விரிவுரையாளரோடு சேர்ந்து ஆய்வு செய்யும் வாய்ப்பு, விரும்பும் எல்லா மாணவருக்கும் இரண்டாம் ஆண்டிலேயே கிடைக்க வேண்டும்.

ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமானாலும், பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகமானாலும், பொறியியல் மாணவர் பலருக்கு ஆய்வு என்றால் பிஎஸ்எம் எனப்படும் இறுதியாண்டு ஆய்வுத் திட்டம்தான். தலைப்பு முடிவாகி, கருவி கைக்குப் பழகுவதற்குள் ஒப்படைக்கும் நாள் வந்துவிடுகிறது. தரவு ஏன் எதிர்பார்த்தபடி வரவில்லை என்று யோசிக்க நேரமில்லை. ஆனால் ஆய்வு கற்றுத்தருவதே அந்த இடத்தில்தான். திரும்பச் செய்து பார்க்க அவகாசம் இல்லாத மாணவர் அறிக்கை எழுதக் கற்கிறார், ஆராயக் கற்பதில்லை.

பாயிண்டர் எனப்படும் சராசரிப் புள்ளி உயர்ந்தவர்களுக்கே ஆய்வு என்ற எண்ணத்தை நாங்கள் ஏற்கவில்லை. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்த பிள்ளைகள், விரிவுரையாளரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற மரியாதையாலேயே அவர் அறைக்குப் போவதில்லை. அவர்களுக்குச் சொல்கிறோம்: விரிவுரையாளர் அண்மையில் எழுதிய ஒரு கட்டுரையைப் படியுங்கள். புரியாததைக் குறித்துக்கொண்டு, வாரத்தில் எத்தனை மணி நேரம் தரமுடியும் என்பதையும் சேர்த்துச் சுருக்கமாக மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து மறுபடி எழுதலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது.

ஆராய வேண்டிய கேள்விகளுக்கும் இங்கே பஞ்சமில்லை. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அதுபோன்ற ஆறுகளின் நீரை மாதந்தோறும் எடுத்துச் சோதிக்கும் வேலையை, முறையான பாதுகாப்புப் பயிற்சியோடு, இரண்டாம் ஆண்டு மாணவர் தாராளமாகச் செய்யலாம்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த நிலைப்பாடு முழுமையாகாது. பிடிபிடிஎன் கல்விக் கடன் போதாமல் வார இறுதியில் பேரங்காடியில் வேலை செய்யும் மாணவரிடம் சம்பளமில்லாமல் ஆய்வுக்கூடத்துக்கு வரச்சொல்வது, வசதியுள்ளவரை மட்டும் அழைப்பதற்குச் சமம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1969இல் தொடங்கிய இளங்கலை ஆய்வுத் திட்டத்தில், மாணவர் செய்யும் ஆய்வுக்கு ஊதியமோ பாடக் கிரெடிட்டோ பெற வழியுண்டு. இங்கும் அப்படி ஒரு வழி வேண்டும். ஆய்வு மானியங்களில் இளங்கலை உதவியாளருக்கென ஒரு தொகையை ஒதுக்கும்படி பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

விரிவுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அன்றாடம் மாணவருக்கு வழிகாட்டப்போவது பெரும்பாலும் உங்கள் முனைவர் பட்ட மாணவர்தான் என்றாலும், மாதம் ஒருமுறையாவது நீங்களே உட்கார்ந்து பேசுங்கள். எந்த அளவு பங்களித்தால் கட்டுரையில் மாணவர் பெயர் இடம்பெறும் என்பதை, வேலை தொடங்கும் முதல் வாரத்திலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.