மூக்கின் பின்புற ரத்தக்குழாய்க் கட்டி: எங்கே அறுவை செய்வது? எங்கள் நிலைப்பாடு

எண்டோஸ்கோப் உள்ள மருத்துவமனைகள் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இன்று பல இருக்கின்றன. அப்படியானால் மூக்கின் பின்னே ஆழத்தில் வளரும் ஆஞ்சியோஃபைப்ரோமா கட்டியையும் இங்கேயே எடுத்துவிடலாமே என்று பெற்றோர் கேட்கிறார்கள். இந்த வட்டாரத்தில் பணிபுரியும் காது மூக்கு தொண்டை மருத்துவர்களாகிய எங்கள் பதில் இது: நோயைக் கண்டுபிடிப்பது இங்கே நடக்க வேண்டும். அறுவை, அதற்கான ஏற்பாடு முழுவதும் ஒரே கூரையின்கீழ் உள்ள மையத்தில்தான் நடக்க வேண்டும். மாநில எல்லையோ காப்பீட்டு அட்டையோ குறுக்கே நிற்கக் கூடாது.

இது அரிய கட்டி. ஏறக்குறைய எல்லா நோயாளிகளும் பருவ வயதுப் பையன்கள். புற்றுநோய் இல்லை என்றாலும் எலும்பை அரித்துக்கொண்டு கன்னத்துக்குள்ளும் கண்குழிக்குள்ளும் சில சமயம் மூளைப் பக்கமும் போய்விடும். இதன் ரத்தக்குழாய்களில் சுருங்குவதற்கான தசைச் சுவர் சரியாக அமைவதில்லை. அதனால்தான் லேசாகக் கிள்ளினாலும் ரத்தம் நிற்காமல் கொட்டுகிறது.

இங்கே இது தவறிப்போகும் விதம் எங்களுக்குப் பழக்கமானது. ஒரு பக்க மூக்கு மாதக்கணக்கில் அடைத்திருக்கும், அடிக்கடி ரத்தம் வரும். வீட்டில் சூட்டு உடம்பு, சில்லுமூக்கு உடைந்திருக்கிறது என்று எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். சிப்காட் பக்கம் குடியிருந்தால் கம்பெனிப் புகை, கிரானைட் குவாரிப் பக்கம் என்றால் தூசி என்று அலர்ஜி மாத்திரையிலேயே காலம் ஓடும். ஐ.டி.ஐ. முடித்து அப்ரெண்டிஸாகச் சேர்ந்த பையன் லீவு கேட்கத் தயங்கி, மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஷிஃப்டுக்குப் போவான். அலர்ஜி பெரும்பாலும் இரண்டு பக்கமும் அடைக்கும். பருவ வயதுப் பையனுக்கு ஒரே பக்கம், அதுவும் ரத்தத்தோடு அடைத்தால் ஸ்கேன் பார்த்தே தீர வேண்டும்.

எண்டோஸ்கோப்பில் மூக்கின் கடைசியில் வழவழப்பாக, சிவந்து, மேலே ரத்தநாளம் ஓடும் சதை தெரிந்தால் அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் கிள்ளி பயாப்ஸிக்கு அனுப்பலாம் என்ற எண்ணம் பையனின் உயிரோடு விளையாடுவது. கான்ட்ராஸ்ட் கொடுத்த சி.டி.யில் மேக்ஸில்லரி சைனஸின் பின்சுவர் முன்னோக்கி வளைந்திருப்பதே பெரும்பாலும் நோயைச் சொல்லிவிடும். எங்கள் யாருடைய ஓ.பி.யிலும் இந்தக் கட்டிக்கு பயாப்ஸி எடுப்பதில்லை என்று அறிவிக்கிறோம்.

முகத்தோலை வெட்டித் திறந்து செய்த அறுவைக்கு மாற்றாக 1990களில் எண்டோஸ்கோப் வழி பரவியது. முகத்தில் தழும்பில்லை, ரத்த இழப்பு குறைவு. சிறிய, நடுத்தரக் கட்டிகளுக்கு அதுவே முதல் தேர்வு. ஆனால் கருவி அதில் ஒரு பங்குதான். ஒன்றிரண்டு நாள் முன்னதாகத் தொடை இடுக்கு ரத்தநாளம் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்கு ரத்தம் தரும் கிளைகளை நுண்துகள்களால் அடைக்க வேண்டும். துகள் தடம் மாறினால் பார்வை போகலாம், பக்கவாதம் வரலாம். பிறகு இரண்டு மருத்துவர்கள் இரு நாசித் துளைகள் வழியாக நான்கு கையாக வேலை செய்து, சைனஸின் பின்சுவரைத் திறந்து, மேக்ஸில்லரி தமனிக்கு கிளிப் போட்ட பிறகே கட்டியைப் பிரிக்கிறார்கள். ஸ்பீனாய்டு எலும்புக்குள் ஒளிந்திருக்கும் மிச்சத்தை டிரில்லால் துருவி எடுக்காவிட்டால் கட்டி திரும்ப வளரும். ரத்த வங்கியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் நரம்பியல் அறுவை மருத்துவரும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இத்தனை வசதியும் உள்ள மையங்களைத் தேடிப் போகக்கூடிய பெங்களூரு ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால் மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டினால் எந்த அட்டை எங்கே செல்லும் என்று குடும்பத்துக்குச் சொல்ல ஆளில்லை. முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அப்ரெண்டிஸ் சட்டத்தின்கீழ் பயிற்சியில் உள்ள பையனுக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது. பீகாரிலிருந்து வந்த தொழிலாளியின் ஆயுஷ்மான் பாரத் அட்டை வெளிமாநிலத்திலும் செல்லும், அவருக்கே அது தெரியாது.

இரு மாநிலங்களிலும் இந்த அறுவையை முழு வசதியோடு செய்யும் மருத்துவமனைகளையும் அங்கே செல்லும் அட்டைகளையும் மாவட்ட நிர்வாகம் பட்டியலிட்டு, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் கம்பெனி முதலுதவி அறைகளிலும் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தியில் ஒட்ட வேண்டும். அப்ரெண்டிஸ்களைத் தொழிற்சாலைகள் தங்கள் குழுக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும். அறுவை முடிந்து திரும்பும் பையன்களின் தொடர் பரிசோதனையை, சில ஆண்டுகள் நீண்டாலும், நாங்கள் இங்கேயே பார்த்துக்கொள்கிறோம்.